நாடு முழுக்க நிலம் இருந்தும் லிங்கன் குடும்பம் ஏன் ஊர் மாறிக்கொண்டே இருந்தது?

கேள்வி: ஆபிரகாம் லிங்கனின் முன்னோர் 1637-லேயே இங்கிலாந்திலிருந்து மாசசூசெட்ஸ் போய் நிலம் பெற்ற விவசாயிகள் என்று படித்தேன். அப்படிப்பட்ட குடும்பத்தில் வந்த லிங்கன், 170 ஆண்டுகள் கழித்து, கென்டகிக் காட்டில் ஒற்றை அறை மரக் குடிசையில் பிறந்தது எப்படி? அவ்வளவு பெரிய நாட்டில், நிலத்துக்குப் பஞ்சமே இல்லாத காலத்தில், தலைமுறைக்கு ஒரு முறை ஏன் மூட்டை கட்டினார்கள்? தன் முன்னோரைப் பற்றி லிங்கனுக்குத் தெரிந்திருந்ததா?

பதில்: நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். லிங்கனைப் பற்றிப் படிப்பவர்கள் பெரும்பாலும் மரக் குடிசையிலிருந்தே தொடங்கி வெள்ளை மாளிகையில் முடித்துவிடுவார்கள். நீங்கள் குடிசைக்கு முன்னால் இருந்த 170 ஆண்டுகளைக் கேட்கிறீர்கள். விடை அங்கேதான் இருக்கிறது. ஒரு சாதாரண ஆங்கில விவசாயக் குடும்பம் அமெரிக்க மண்ணில் எப்படிப் பெருகியது, எப்படிச் சிதறியது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் குடும்பங்கள் குறைவு.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். சாமுவேல் லிங்கன், இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள ஹிங்கம் என்ற ஊரில் 1622 ஆகஸ்டில் ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய தாத்தா ரிச்சர்டு, ஸ்வான்டன் மோர்லி என்ற ஊரில் ஓரளவு வசதியானவர். பல முறை திருமணம் செய்தவர். சொத்தில் பெரும்பகுதியைக் கடைசி மனைவியின் பிள்ளைகளுக்கு எழுதிவைத்துவிட்டார். மூத்த தாரத்து மகனும் சாமுவேலின் தந்தையுமான எட்வர்டுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. இந்தக் குடும்பக் கதையில் உயில் ஒரு முக்கியப் பாத்திரம். அது அமெரிக்கா போகும் முன்பே மேடை ஏறிவிட்டது.

1637 ஏப்ரலில் யார்மத் துறைமுகத்தில் பயணிகளை விசாரித்து எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. நார்விச் நகர நெசவாளர் பிரான்சிஸ் லாஸ், அவர் மனைவி, ஒரு மகள், இரண்டு வேலையாட்கள் என்று அதில் ஒரு பதிவு வருகிறது. வேலையாட்களில் ஒருவர்தான் நம் சாமுவேல். வயது 18 என்று எழுதியிருக்கிறது. ஞானஸ்நானப் பதிவோடு ஒப்பிட்டால் பையனுக்குப் பதினைந்துகூட நிறையவில்லை. தறி வேலை பழக வந்த அந்தச் சிறுவன், முதலாளியோடு சேலம் என்ற ஊரில் இறங்கி, பிறகு அண்ணன்மார் இருந்த புதிய ஹிங்கத்துக்குப் போய்ச் சேர்ந்தான். நார்ஃபோக் ஹிங்கத்திலிருந்து வந்தவர்களே நிறையப் பேர் குடியேறியதால் ஊருக்கும் அதே பெயர். அங்கே தாமஸ் லிங்கன் என்ற பெயரில் மட்டும் நாலு பேர் இருந்தார்கள். குழப்பம் வராமலிருக்க நெசவாளர் தாமஸ், மாவு ஆலைக்காரர் தாமஸ், பீப்பாய் செய்யும் தாமஸ், விவசாயி தாமஸ் என்றுதான் ஊர்ப் பதிவேட்டில் எழுதினார்கள். நெசவாளர் தாமஸ் சாமுவேலின் அண்ணன். தொழிலை வைத்து அடையாளம் சொன்னார்களே தவிர, நாலு பேருமே உழுது பிழைத்தவர்கள்தான். தறி மட்டும் வைத்துக்கொண்டு சோறு தின்ன முடியாத ஊர் அது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். இந்தக் குடும்பம் ஊர் ஊராகப் போனதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். ஒன்று, பரம்பரை ஏழைகள், பிழைக்க வழியில்லாமல் அலைந்தார்கள் என்பது. இன்னொன்று, எல்லைப்புறத்து மனிதர்களுக்கே உரிய நாடோடிக் குணம் என்பது. இரண்டுமே சரியில்லை.

ஏழ்மையை எடுத்துக்கொள்ளுங்கள். சாமுவேலின் மகன் மொர்தெகாய் இரும்புக் கொல்லர். ஸிட்டுவேட் என்ற ஊரில் தானியம் அரைக்கும் ஆலை, மரம் அறுக்கும் ஆலை, இரும்பு உருக்கும் பட்டறை என்று வைத்துச் செழிப்பாக வாழ்ந்தவர். அவருடைய மகன் இன்னொரு மொர்தெகாய். பென்சில்வேனியாவில் இரும்புத் தொழிலில் பங்குதாரராக இருந்து, பிறகு பெரிய பண்ணை வாங்கினார். அவர் 1733-இல் கட்டிய கல்வீடு இன்றும் நிற்கிறது. அவருக்கு அடுத்த ஜான், வர்ஜீனியாவில் 600 ஏக்கர் வாங்கியவர். இவர்கள் யாரும் வழியில்லாமல் கிளம்பியவர்கள் அல்லர்.

நாடோடிக் குணம் என்பது நாம் பார்க்கும் விதத்தால் வரும் மயக்கம். லிங்கனிலிருந்து பின்னோக்கிப் போகும்போது ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரே ஒருவரைத்தான் எடுக்கிறோம். அவர் இடம் மாறியிருந்தால் குடும்பமே இடம் மாறியதாகத் தோன்றும். அவருடைய அண்ணன் தம்பிகளைப் பாருங்கள். சாமுவேலின் வழியில் பலர் ஹிங்கத்தை விட்டு அசையவே இல்லை. இரண்டாம் மொர்தெகாயும் தம்பி ஆபிரகாமும் நியூ ஜெர்சிக்குப் போனபோது, ஐசக், ஜேக்கப் என்ற சகோதரர்கள் அப்பாவின் ஆலையோடு ஸிட்டுவேட்டிலேயே இருந்தார்கள். வர்ஜீனியா ஜானின் மகன் ஆபிரகாம் கென்டகிக்குப் போனார். அவர் தம்பி ஜேக்கப் அதே பண்ணையில் செங்கல் வீடு கட்டி வாழ்ந்தார். ஆக, கேள்வியைக் கொஞ்சம் திருத்திக் கேட்க வேண்டும். ஒவ்வொரு தலைமுறையிலும் சிலர் இருக்க, சிலர் போக வேண்டி வந்தது ஏன்?

காரணம் நிலம்தான். நீங்கள் நினைத்ததற்கு நேர்மாறாக, நிலத்துக்கு நெருக்கடி வந்தது.

புதிய ஹிங்கத்தில் நிலம் எப்படிக் கிடைத்தது என்று பார்த்தால் இது விளங்கும். கண்டம் பெரிதுதான், ஆனால் தனியொருவர் காட்டுக்குள் போய் வேலி போட்டுக்கொள்ள முடியாது. காலனி அரசு ஓர் ஊருக்கென்று எல்லை வகுத்துக் கொடுக்கும். ஊர்க்கூட்டம், அதாவது ஊர் ஆண்கள் கூடி முடிவெடுக்கும் சபை, அதைக் குடும்பங்களுக்குப் பிரிக்கும். 1635-இல் ஹிங்கத்தில் வீட்டு மனைகளைச் சீட்டுப் போட்டுப் பிரித்தார்கள். முதலில் வந்தவர்களுக்கு மனை, உழவு நிலம், விறகுக்காடு, உப்பங்கழிப் புல்வெளி என்று நாலு வகையிலும் பங்கு கிடைத்தது. அந்தப் புல்வெளி ரொம்ப முக்கியம். கடல் நீர் ஏறி இறங்கும் சதுப்பில் தானாக வளரும் புல்தான் குளிர்காலம் முழுக்க மாட்டுக்குத் தீவனம். மாடு இருந்தால்தான் எருவும் உழவும். எனவே பத்து ஏக்கர் உழவு நிலம் மட்டும் கையில் இருந்தால் அது பண்ணை ஆகாது. நாலு வகையும் வேண்டும்.

அந்த நிலம் சும்மாவும் கிடக்கவில்லை. 1616 முதல் 1619 வரை வந்த கொள்ளைநோய் அந்தக் கடற்கரையின் பூர்வகுடிகளில் பெரும்பகுதியைக் கொன்றுவிட்டிருந்தது. மிஞ்சியவர்களின் வயல்களுக்கு மேல்தான் இந்த ஊர் எழுந்தது. வாம்பட்டக் என்ற பூர்வகுடித் தலைவரிடமிருந்து ஹிங்கம் ஊரார் முறையான பத்திரம் எழுதி வாங்கியது 1665-இல். சீட்டுப் போட்டுப் பிரித்து முப்பது ஆண்டு ஆகியிருந்தது.

அடுத்து, பிள்ளைகள். சாமுவேலுக்கும் அவர் மனைவி மார்த்தாவுக்கும் 11 குழந்தைகள். சிலர் சிறு வயதிலேயே இறந்தாலும் பலர் ஆளாகிக் குடும்பம் நடத்தினார்கள். அக்கால நியூ இங்கிலாந்தில் இது அசாதாரணம் அன்று. இங்கே இன்னொரு தவறான எண்ணத்தையும் தள்ளிவிடலாம். 'அந்தக் காலத்தில் முப்பத்தைந்து, நாற்பதில் செத்துப்போவார்கள்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். குழந்தைச் சாவுகளையும் சேர்த்துச் சராசரி போடுவதால் வரும் எண் அது. நியூ இங்கிலாந்தின் குளிரான, கூட்டமில்லாத ஊர்களில் இருபதைத் தாண்டியவர்களில் கணிசமானவர்கள் அறுபது, எழுபது வரை இருந்தார்கள். சாமுவேல் இறந்தபோது வயது 67. மகன் மொர்தெகாய்க்கு அப்போதே 32. அந்த மொர்தெகாய் எழுபதை ஒட்டி, 1727-இல் இறந்தார். அவருடைய மூத்த மகனுக்கு அப்போது 41.

இதன் விளைவு என்ன? நிலம் அப்பா பெயரில்தான் இருக்கும். அப்பா இருக்கும்வரை பத்திரம் மாறாது. முப்பது வயதுக்காரன் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, இன்னமும் அப்பாவின் வயலில் உழுதுகொண்டிருப்பான். அப்பா இறந்தபின் பாகம் பிரிக்கும்போது மாசசூசெட்ஸ் சட்டம் ஒரு கணக்கு வைத்திருந்தது: உயில் இல்லையென்றால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு, மூத்த மகனுக்கு மட்டும் இரண்டு பங்கு. ஐந்து பிள்ளைகள் என்றால் சொத்தை ஆறாகப் பிரிக்க வேண்டும். 60 ஏக்கர் இருந்தால் மூத்தவனுக்கு 20, மற்றவர்களுக்குப் பத்துப் பத்து. அந்தப் பத்து ஏக்கர்க்காரனுக்கும் ஐந்து பிள்ளைகள் பிறக்கும். இரண்டே பாகப்பிரிவினையில் பண்ணை துண்டு துண்டாகிவிடும். அதற்குள் ஊர்ப் பொதுநிலமும் பங்கிடப்பட்டு முடிந்திருக்கும்.

இதை அந்தத் தகப்பன்மார் உணராமல் இல்லை. அவர்கள் செய்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஒரு பிள்ளைக்கு நிலம், ஒருவனுக்குத் தொழில், வெளியூர் போகத் துணிந்தவனுக்குக் கையில் பணம். சாமுவேல் மகன் மொர்தெகாயைக் கொல்லு வேலைக்கு அனுப்பியது இப்படித்தான்; அந்தச் சம்மட்டியே அவனுடைய பாகம். அதே மொர்தெகாய் பிற்காலத்தில் உயில் எழுதும்போது, கூட இருந்த மகன்களுக்கு நிலத்தையும் ஆலையையும், நியூ ஜெர்சி போய்விட்ட மூத்தவர்களுக்குப் பணத்தையும் வைத்தார். போனவன் கோபித்துக்கொண்டு போனவன் அல்லன். பாகத்தைப் பணமாக வாங்கிக்கொண்டு மலிவான நிலம் தேடிப் போனவன்.

மலிவான நிலம் எப்போதும் மேற்கே, இல்லையென்றால் தெற்கே இருந்தது. இரண்டாம் மொர்தெகாய் நியூ ஜெர்சியில் ஹன்னா சால்ட்டர் என்ற வசதியான வீட்டுப் பெண்ணை மணந்து, பிறகு பென்சில்வேனியா போனார். 1736-இல் இறக்கும்போது பென்சில்வேனியாப் பண்ணையை மற்ற மகன்களுக்கு விட்டு, மூத்தவர் ஜானுக்கு நியூ ஜெர்சியில் 300 ஏக்கர் எழுதிவைத்தார். (இந்த 300 ஏக்கரை நினைவில் வையுங்கள், கடைசியில் இது வேண்டியிருக்கும்.) ஜான் அதை விற்றார், 1768-இல் வர்ஜீனியாவின் ஷெனாண்டோவா பள்ளத்தாக்கில், லின்வில் கிரீக் ஓடைக்கரையில் 600 ஏக்கர் வாங்கினார். அவருக்கு ஐந்து மகன்கள். 1773-இல், தான் உயிரோடு இருக்கும்போதே, ஆபிரகாம், ஐசக் என்ற இரு மகன்களுக்கு 200 ஏக்கருக்குச் சற்றுக் கூடுதலாக ஆளுக்கொரு பங்கு எழுதிக் கொடுத்தார். சாவுவரை பிள்ளைகளைக் காக்க வைக்காத தகப்பன் என்பதால் எனக்கு இவர் மேல் தனி மதிப்பு உண்டு. ஆனாலும் 600 ஏக்கர் ஐந்து மகன்களுக்கு எவ்வளவு தூரம் வரும்?

அந்த ஆபிரகாம்தான் ஜனாதிபதியின் தாத்தா. 1780 வாக்கில் தன் பங்கை விற்று, கென்டகியில் நில வாரண்டுகள் வாங்கினார். நில வாரண்ட் என்பது, குறிப்பிட்ட ஏக்கரை அளந்து எடுத்துக்கொள்ள அரசு தரும் அனுமதிச் சீட்டு. அப்படி 5,000 ஏக்கருக்கு மேல் சேர்த்தார். கென்டகி அப்போது வர்ஜீனியாவின் ஒரு பகுதி. ஷானி போன்ற பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வந்த மண், விட்டுக்கொடுக்க மனமில்லாமல் போரிட்டுக்கொண்டிருந்த மண். 1786 மே மாதம், வயலில் மூன்று மகன்களோடு வேலை செய்துகொண்டிருந்தபோது ஆபிரகாமைப் பூர்வகுடி வீரர்கள் சுட்டுக் கொன்றார்கள். மூத்தவன் மொர்தெகாய் குடிசைக்கு ஓடித் துப்பாக்கி எடுத்தான். நடுவன் ஜோசையா பக்கத்துக் காவல் குடியிருப்புக்கு உதவி கேட்டு ஓடினான். எட்டு வயதுத் தாமஸ் அப்பாவின் உடல் அருகே நின்றான். அவனைத் தூக்க வந்தவரை மொர்தெகாய் குடிசையிலிருந்தே சுட்டு வீழ்த்தினான். அந்தத் தாமஸ்தான் லிங்கனின் அப்பா.

மரக் குடிசைக்கான உண்மையான காரணம் இதற்குப் பிறகுதான் நடந்தது. ஆபிரகாம் உயில் எழுதவில்லை. வர்ஜீனியாவில் மாசசூசெட்ஸ் கணக்குச் செல்லாது. அங்கே இருந்தது தலைமகன் உரிமை. உயில் இல்லாமல் இறந்தவரின் நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே சேரும் என்ற பழைய ஆங்கிலச் சட்டம். அதனால் ஐயாயிரம் ஏக்கரும் மொர்தெகாய்க்குப் போனது. தாமஸுக்குக் காணி நிலம்கூடக் கிடைக்கவில்லை. இந்தச் சட்டத்தை நீக்கித் தாமஸ் ஜெஃபர்சன் வரைந்த மசோதா 1785-இலேயே நிறைவேறிவிட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த நாள் 1787 ஜனவரி 1. ஆபிரகாம் இறந்தது அதற்கு ஏழெட்டு மாதம் முன்னால். அந்த வயலில் குண்டு அடுத்த ஆண்டு பாய்ந்திருந்தால், தாமஸ் ஆயிரம் ஏக்கருக்கு மேல் உடையவராக வளர்ந்திருப்பார். எனக்குத் தெரிந்தவரை, லிங்கன் வாழ்க்கையில் சட்டத்தின் ஒரு தேதி செய்த வேலையை வேறு எதுவும் செய்யவில்லை.

ஐந்து தலைமுறை சேர்த்தது தாமஸோடு அறுந்தது. கூலி வேலையும் தச்சும் செய்து வளர்ந்த அவர், 25 வயதில், 1803-இல், 238 ஏக்கர் வாங்கினார். சோம்பேறி என்று அவரைச் சித்திரிப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 1808-இல் 300 ஏக்கர் கொண்ட இன்னொரு பண்ணை. அங்கேதான் அடுத்த ஆண்டு பிப்ரவரி 12 அன்று லிங்கன் பிறந்தார். ஆனால் கென்டகியில் நிலம் வாங்குவது வேறு, அது நம்முடையது என்று நிலைநாட்டுவது வேறு. அரசே அளந்து கொடுக்கும் முறை அங்கே இல்லை. வாங்குபவரே ஆள் வைத்து அளப்பார். இந்த ஓக் மரத்திலிருந்து அந்த ஓடை முனைவரை என்று நான்கெல்லை எழுதுவார். மரம் விழும், ஓடை திசை மாறும், ஒரே நிலத்துக்கு மூன்று பேரிடம் பத்திரம் இருக்கும். பின்னர் எடுத்த இன்னொன்றையும் சேர்த்து, கென்டகியில் தாமஸின் மூன்று பண்ணைகளிலும் வில்லங்கம். முதல் பண்ணையை விற்கும்போது எல்லைக் கணக்குப் பிசகி 38 ஏக்கர் போனது. மற்ற இரண்டுக்கும் நீதிமன்றம் ஏற வேண்டி வந்தது.

1816 டிசம்பரில் அவர் இந்தியானா போனதற்கு இதுதான் முதன்மைக் காரணம். அடிமைமுறையும் ஒரு காரணம், ஆனால் நிலப் பத்திரச் சிக்கலே பெரிது என்று லிங்கன் தம் குறிப்பொன்றில் சொல்லியிருக்கிறார். இந்தியானாவில் மத்திய அரசு 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி முன்கூட்டியே சதுரம் சதுரமாக அளந்து வைத்திருந்தது: பக்கத்துக்கு ஆறு மைல் கொண்ட ஒரு பெருஞ்சதுரம், அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 கட்டங்கள். ஒரு கட்டத்தில் கால்வாசி, 160 ஏக்கர், ஏக்கருக்கு இரண்டு டாலர் வீதம் தாமஸ் எடுத்தார். தவணை கட்ட முடியாமல் பாதியைத் திருப்பிக் கொடுத்தாலும், மீதி 80 ஏக்கருக்கு வில்லங்கமில்லாத அரசுப் பட்டா கிடைத்தது. அவர் வாழ்வில் அப்படி ஒரு காகிதம் கிடைத்தது அதுவே முதல் முறை.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: லிங்கனுக்குத் தாத்தா வரைதான் உறுதியாகத் தெரியும். அதற்கு முன்னால் பென்சில்வேனியாவிலிருந்து வர்ஜீனியா வந்தவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். 1848-இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, ஹிங்கம் ஊர் வரலாறு எழுதிய சாலமன் லிங்கன் கடிதம் எழுதி விசாரித்தார். மொர்தெகாய், ஆபிரகாம், ஏனோக், லேவி என்ற பெயர்கள் இரு பக்கமும் வருவதைத் தவிர வேறு தொடர்பு காட்ட லிங்கனால் முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வூஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் முன்னாள் ஆளுநர் லேவி லிங்கன் வீட்டில் விருந்துண்டார். லேவியும் சாமுவேலின் வம்சம்தான், மூத்த மகன் வழிவந்தவர். ஹிங்கத்தில் நிலத்தோடு தங்கிய கிளையும், பணத்தோடு கிளம்பிய கிளையும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டன. நாம் பங்காளிகள் என்று இருவராலும் அன்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப உதவியது அந்த 300 ஏக்கர். 1748-இல் அதை விற்றபோது எழுதிய பத்திரத்தில், விற்பவர் ஜான் லிங்கன், மொர்தெகாயின் மகனும் வாரிசும் என்று குறித்திருக்கிறது. மொர்தெகாயை ஸிட்டுவேட் உயில் சாமுவேல் வழியோடு சேர்த்தது. இந்தப் பத்திரம் வர்ஜீனியா ஜானை மொர்தெகாயோடு சேர்த்தது. லீ, ஹட்சின்சன் என்ற இரு ஆய்வாளர்கள் நார்ஃபோக் முதல் கென்டகி வரையிலான இந்த வம்சாவளியை ஆவணங்களோடு நூலாக வெளியிட்டது 1909-இல், லிங்கனின் நூற்றாண்டில்.